பிரெஸ்பிட்டேரியன் செமினரியும் போதகர் ஆவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் சபையில் (பிஷப் இல்லாமல் மன்றங்கள் ஆளும் புரொட்டஸ்டன்ட் சபை அது) மூப்பராக, அதாவது உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த பொறுப்பாளராக, இருக்கிறேன். போதகராக விரும்பி வருகிறவர்களோடு பேசி, அவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து வழிநடத்தும் குழு ஒன்று இங்கே உண்டு. அதிலும் சில காலம் இருந்திருக்கிறேன். இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் ஊரிலிருந்து அழைக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) உறவினர்களும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

பிரெஸ்பிட்டேரியன் என்ற பெயரில் இந்த நாட்டில் பல சபைப் பிரிவுகள் உள்ளன. வேறு பெயர் சொல்லாத இடங்களில் நான் பேசுவது அவற்றுள் பெரியதான பி.சி.யு.எஸ்.ஏ. (அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் சபை) பற்றி. உள்நாட்டுப் போரின்போது வடக்கு, தெற்கு என்று பிரிந்த சபைகள் 1983இல் மீண்டும் இணைந்து உருவானது அது.

செமினரி என்றால் பைபிள் காலேஜ்தானே? பெயர்தான் பெரிதாக இருக்கிறதா?

இல்லை. செமினரி என்பது போதகர்களைத் தயாரிக்கும் மேற்படிப்புக் கல்லூரி. பைபிள் காலேஜில் பள்ளிப் படிப்பு முடித்த கையோடு சேரலாம். செமினரியில் சேர ஏதாவது ஓர் இளங்கலைப் பட்டம் கையில் இருக்க வேண்டும். அதன்மேல் மூன்று ஆண்டுகள் படித்து வாங்குவது எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி) என்ற இறையியல் முதுகலைப் பட்டம். நம் ஊரில் செராம்பூர் இறையியல் பல்கலைக்கழகம் வழியாக வரும் பி.டி. (பேச்சலர் ஆஃப் டிவினிட்டி) பட்டத்துக்கு ஏறக்குறைய இணையானது. ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் இதற்கு பி.டி. என்றே பெயர் இருந்தது.

வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளாக இருக்க மாட்டார்கள். நர்ஸ் வேலையை விட்டு வந்தவர், வக்கீலாக இருந்தவர், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டுத் தானும் படிக்க வந்த தாய் என்று பலதரப்பட்டவர்கள் இருப்பார்கள்.

உங்கள் சபையில் பிஷப்பே கிடையாதாமே? பிறகு யார் ஒருவரைப் போதகராக்குவது?

பிஷப் செய்யும் வேலையை இங்கே ஒரு மன்றம் செய்கிறது. ஒவ்வொரு சபையிலும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் போதகரும் சேர்ந்த செஷன் இருக்கிறது. ஒரு வட்டாரத்துச் சபைகளின் போதகர்களும், அச்சபைகள் அனுப்பும் மூப்பர்களும் கூடினால் அது பிரெஸ்பிட்டரி. அதற்கு மேல் பல பிரெஸ்பிட்டரிகள் சேர்ந்த சினாடு, எல்லாவற்றுக்கும் மேலே நாடு முழுவதற்குமான பொதுப்பேரவை. யாருக்கு அபிஷேகம் செய்வது, அதாவது கைகளை வைத்து யாரைப் போதகராக ஏற்படுத்துவது, என்பதைத் தீர்மானிப்பது பிரெஸ்பிட்டரி.

இதில் நம்மவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம்: பிரெஸ்பிட்டரி கூட்டத்தில் போதகர்களும் மூப்பர்களும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் உட்காருகிறார்கள், இருவருக்கும் ஒரே ஓட்டு. ஒரு கணக்காளரும் ஒரு பள்ளி ஆசிரியையும் கை தூக்கினால்தான் ஒருவர் போதகராக முடியும். இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால்தான் கீழே வரும் பதில்கள் விளங்கும்.

செமினரியில் படித்து முடித்தால் பாஸ்டர் ஆகிவிடலாம் அல்லவா?

முடியாது. நான் மிக அதிகமாகத் திருத்த வேண்டியிருக்கும் எண்ணம் இதுதான். செமினரி பட்டம் தரும், அபிஷேகம் தராது. அதிகச் செல்வாக்குள்ள செமினரியின் தலைவருக்குக்கூட ஒருவரைப் போதகராக்கும் அதிகாரம் இல்லை.

முறை இப்படி: முதலில் உங்கள் சொந்தச் சபையில் குறைந்தது ஆறு மாதம் உறுப்பினராக இருந்து, செஷனிடம் போய் விருப்பத்தைச் சொல்ல வேண்டும். செஷன் பரிந்துரைத்தால் பிரெஸ்பிட்டரி ஏற்றுக்கொள்ளும். அப்போது தொடங்குவது அழைப்பு உண்மையானதா என்று சோதித்துப் பார்க்கும் கட்டம். அதற்கடுத்தது வேட்பாளர் கட்டம். இரண்டும் சேர்ந்து இரண்டு ஆண்டுக்குக் குறையக் கூடாது. அதில் ஓர் ஆண்டாவது வேட்பாளராக இருந்திருக்க வேண்டும். இந்தக் காலம் செமினரிப் படிப்போடு பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஆண்டுதோறும் குழு அழைத்து உட்காரவைத்துப் பேசும். கடைசியில் ஒரு சபையோ வேறு ஊழியமோ அவரை அழைத்தால்தான் அபிஷேகம்.

மூன்று வருஷம் அப்படி என்னதான் படிக்கிறார்கள்? பைபிள் மட்டும்தானா?

பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, இறையியல், பிரசங்கக் கலை, ஆராதனை, கிறிஸ்தவக் கல்வி, சபை நிர்வாகச் சட்டம் ஆகியவை எல்லா இடத்திலும் உண்டு. பிரசங்க வகுப்பில் நீங்கள் பேசியதை வீடியோ எடுத்து, பிறகு உங்களையே பார்க்கவைப்பார்கள். நல்ல தண்டனை அது. அதோடு ஏதாவது ஒரு சபையில் வாரந்தோறும் வேலை செய்ய வேண்டும்.

ஆனால் பலரை உலுக்கிவிடுவது மருத்துவமனைப் பயிற்சி. கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன், சுருக்கமாக சி.பி.இ. என்பார்கள், பல பிரெஸ்பிட்டரிகள் தங்கள் வேட்பாளர்களிடம் இதைக் கட்டாயமாகவே கேட்கின்றன. ஓர் அலகு என்பது குறைந்தது 400 மணி நேரம். மாணவர் நோயாளியின் கட்டில் அருகே போய் உட்கார வேண்டும். இரவு அவசரப் பிரிவில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருடன் நிற்க வேண்டும். பிறகு அந்த உரையாடலை நினைவிலிருந்து வரி வரியாக, நாடக வசனம்போல, ‘அவர் சொன்னது, நான் சொன்னது’ என்று எழுதிக்கொண்டுவந்து சக மாணவர்கள் முன் வாசிக்க வேண்டும். அவர் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் ஏன் அவசரமாக ஜெபத்துக்குத் தாவினாய், அவருக்காகவா உனக்காகவா என்று பயிற்றுநர் கேட்பார். அழாமல் அந்த அறையை விட்டு வந்தவர்கள் குறைவு. ஒரு வேட்பாளரின் மாற்றத்தை நாங்கள் கண்ணால் பார்ப்பது பெரும்பாலும் இந்தப் பயிற்சிக்குப் பிறகுதான்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் வேதாகமம் இருக்கும்போது எபிரேயமும் கிரேக்கமும் எதற்கு?

பி.சி.யு.எஸ்.ஏ. சட்டம் இரண்டையும் கேட்கிறது: இரு மொழிகளும், அம்மொழிகளைக் கொண்டு வேதபகுதிகளை ஆராயும் பாடங்களும் மதிப்பெண் பட்டியலில் இருக்க வேண்டும். ‘வசனத்தின்படி’ என்று சொல்லி நிற்கிறவருக்கு அந்த வசனத்தைத் தானே திறந்து பார்க்கும் திறன் வேண்டும் என்பது பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் காலத்திலிருந்து வரும் பிடிவாதம்.

உண்மையைச் சொன்னால், பத்து ஆண்டு ஊழியத்துக்குப் பின் எபிரேய வினைச்சொல்லை இலக்கணத்தோடு பிரிக்கக்கூடியவர்கள் சிலர்தான். மற்றவர்களிடம் மிஞ்சுவது ஒரு தயக்கம்: ‘இந்த வசனம் இதைத்தான் சொல்கிறது’ என்று மேசையைத் தட்டுமுன் ஒரு நொடி நிற்கும் பழக்கம். என் கணக்கில் அதுவே மூன்று ஆண்டுக் கட்டணத்துக்குத் தகும்.

பரீட்சை செமினரி வைக்கிறதா, சபை வைக்கிறதா?

இரண்டும் தனித்தனி. செமினரித் தேர்வுகள் பட்டத்துக்கு. அபிஷேகத்துக்குச் சபை நாடு முழுவதற்கும் பொதுவாக ஐந்து தேர்வுகள் வைக்கிறது: வேதாகம அறிவு, வேத விளக்கம், இறையியல், ஆராதனையும் திருவிருந்து முதலிய சடங்குகளும், சபைச் சட்டம். முதலாவது நூறு கேள்விகள் கொண்ட கொள்குறித் தேர்வு. எழுபது எடுத்தால் தேர்ச்சி. ஓய்வுநாள் பள்ளியில் ஒழுங்காக வசனம் ஒப்பித்த நம் பிள்ளைகள் இதில் பலரையும் தோற்கடித்துவிடுவார்கள். வேத விளக்கத் தேர்வை மட்டும் புத்தகங்களை வைத்துக்கொண்டு, சில நாள் அவகாசத்தில் எழுதலாம்.

விடைத்தாளில் பெயர் இருக்காது. திருத்துகிறவர்கள் பேராசிரியர்கள் அல்லர். பிரெஸ்பிட்டரிகள் அனுப்பும் போதகர்களும் மூப்பர்களும். செமினரியில் முதல் வகுப்பு வாங்கியவர் இங்கே சபைச் சட்டத்தில் தோற்பது அபூர்வம் அல்ல.

இயேசு மீனவர்களைத்தானே அழைத்தார்? இவர்களுக்கு மட்டும் ஏன் இத்தனை படிப்பு?

இந்தக் கேள்வியைக் கேட்டே ஒரு சபை இரண்டாகப் பிளந்திருக்கிறது. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் கென்டக்கி, டென்னஸி எல்லைப் பகுதிகளில் பெரிய எழுப்புதல் (மக்கள் திரளாக விசுவாசத்துக்குத் திரும்பும் அலை) ஏற்பட்டது. ஆயிரக்கணக்கில் மக்கள் வந்தார்கள். பிரசங்கிக்க ஆள் இல்லை. கம்பர்லேண்ட் பிரெஸ்பிட்டரி, லத்தீன், கிரேக்கம் படிக்காத, ஆனால் வரம் உள்ள ஆட்களைப் பிரசங்கிகளாக அனுப்பியது. மேலிருந்த சினாடு அதை ஏற்கவில்லை. 1806இல் அந்தப் பிரெஸ்பிட்டரியையே கலைத்தது. முன்குறிப்பு (யார் இரட்சிக்கப்படுவார் என்று கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்ற போதனை) பற்றிய உபதேசத் தகராறும் சேர்ந்துகொள்ள, 1810இல் மூன்று போதகர்கள் டென்னஸியில் கூடிக் கம்பர்லேண்ட் பிரெஸ்பிட்டேரியன் சபையைத் தொடங்கினார்கள். படிப்பை வலியுறுத்தியவர்கள் தகுதியைக் காப்பாற்றினார்கள். எல்லைப்புற மக்களைப் பெருமளவு மெதடிஸ்டுகளும் பாப்டிஸ்டுகளும் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் கம்பர்லேண்ட் சபையும் இன்று மெம்ஃபிஸ் நகரில் சொந்தச் செமினரி வைத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்கு முன்பும் இந்தச் சண்டை உண்டு. 1720களின் இறுதியில் பென்சில்வேனியாவில் வில்லியம் டெனன்ட் என்ற போதகர் தம் வீட்டருகே மரக்கட்டைகளால் ஒரு பள்ளி கட்டி, தம் பிள்ளைகள் உட்படப் பல வாலிபர்களை ஊழியத்துக்குத் தயாரித்தார். ‘கட்டைக் கல்லூரி’ என்று கேலி செய்தார்கள். ஐரோப்பாவிலோ நியூ இங்கிலாந்திலோ பட்டம் பெறாதவர்களைச் சினாடு தனியே சோதிக்க வேண்டும் என்று 1738இல் விதி வந்தது. 1741இல் பிரிந்த சபை 1758இல்தான் மீண்டும் சேர்ந்தது.

மீனவர் கேள்விக்கு என் பதில்: அந்த மீனவர்கள் மூன்று ஆண்டு ஆசிரியரோடு கூடவே நடந்து, சாப்பிட்டு, திட்டு வாங்கிக் கற்றவர்கள். படிப்பில்லாமல் அனுப்பப்பட்டவர்கள் அல்லர்.

முதல் பிரெஸ்பிட்டேரியன் செமினரி எது? பிரின்ஸ்டனா?

பொதுப்பேரவையே தொடங்கிய முதல் செமினரி பிரின்ஸ்டன். 1812இல் ஆர்ச்சிபால்ட் அலெக்சாண்டர் என்ற ஒரே பேராசிரியரோடும் மூன்று மாணவரோடும் தொடங்கியது. அதற்கு முன்பு இளைஞர்கள் ஒரு மூத்த போதகர் வீட்டில் தங்கி, அவருடைய புத்தகங்களைப் படித்து, அவர் பின்னால் நடந்து தொழில் கற்றார்கள். அலெக்சாண்டரே அப்படிக் கற்றவர்தான். பிட்ஸ்பர்க் செமினரி தன் வேரை 1794 வரை கொண்டுபோகிறது. ரிச்மண்டின் யூனியனும் 1812ஐயே தன் ஆண்டாகச் சொல்கிறது. யார் மூத்தவர் என்ற போட்டியில் நான் இறங்குவதில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வேறு, செமினரி வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரே ஊர், தனித்தனி நிறுவனங்கள்.

எல்லாப் பிரெஸ்பிட்டேரியன் செமினரியிலும் ஒரே உபதேசம்தானே சொல்லிக்கொடுப்பார்கள்?

அப்படி நினைத்துச் சேர்ந்தால் முதல் மாதத்திலேயே திகைத்துப்போவீர்கள். 1929இல் பிரின்ஸ்டன் செமினரியின் நிர்வாகம் மாற்றியமைக்கப்பட்டது. பழமை உபதேசம் இனி இங்கே நிற்காது என்று கருதிய பேராசிரியர் கிரெஷம் மேச்சன் சில சகாக்களோடு வெளியேறி பிலடெல்பியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் செமினரியைத் தொடங்கினார். 1973இல் தெற்கத்திச் சபையிலிருந்து பிரிந்த பி.சி.ஏ. என்ற சபைக்கு செயின்ட் லூயிஸ் நகரில் கவனன்ட் செமினரி இருக்கிறது. இவற்றுக்கும் பிரின்ஸ்டன், கொலம்பியா, மெக்கார்மிக், ஆஸ்டின் போன்ற பி.சி.யு.எஸ்.ஏ. செமினரிகளுக்கும் வேதாகமத்தை அணுகும் விதத்திலேயே வேறுபாடு உண்டு.

எது நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். எந்தச் சபையில் ஊழியம் செய்யப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எங்கே படிப்பது என்பது அதற்கு அடுத்ததுதான். பிற சபையின் செமினரியில் படித்துவிட்டும் வரலாம், பிரெஸ்பிட்டரி ஏற்றுக்கொண்டால்.

செமினரிக்குப் போனால் இருந்த விசுவாசமும் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

கேட்பவர்களில் பாதிப் பேர் பயந்து கேட்கிறார்கள், மீதிப் பேர் கேலியாக. இரண்டாம் ஆண்டில் பலருக்கும் ஆட்டம் காணும். அதை மறைக்க வேண்டியதில்லை. மோசேயின் ஐந்து புத்தகங்களை எழுதியது யார் என்ற விவாதத்தை முதல்முறை கேட்கும்போது, பாட்டி சொல்லித்தந்ததெல்லாம் பொய்யா என்று தோன்றும். நான் பார்த்தவரை, கேள்வியைக் குழுவில் வாய்விட்டுச் சொன்னவர்கள் நிலைத்தார்கள். எல்லாம் சரி என்று சிரித்தவர்களைப் பற்றித்தான் நாங்கள் கவலைப்பட்டோம்.

இந்தப் பயம் பழையது. கொலம்பியா செமினரியில் ஜேம்ஸ் உட்ரோ என்ற பேராசிரியர், பரிணாமக் கொள்கையும் வேதாகமமும் மோத வேண்டியதில்லை என்று 1884இல் பேசி, 1886இல் பதவி இழந்தார். பிற்பாடு அமெரிக்க அதிபரான உட்ரோ வில்சனுக்குத் தாய்மாமன் அவர். நியூயார்க் யூனியன் செமினரியின் சார்லஸ் பிரிக்ஸ், வேதாகம ஆராய்ச்சி பற்றிய கருத்துகளுக்காக விசாரிக்கப்பட்டு 1893இல் ஊழியத்திலிருந்து நிறுத்தப்பட்டார். செமினரி அவரை விட்டுக்கொடுக்காமல், 1892லேயே பொதுப்பேரவையோடிருந்த உறவை முறித்துக்கொண்டது. செமினரி கேட்கும் கேள்வியைச் சபை எவ்வளவு தாங்கும் என்ற இழுபறி இன்றும் முடியவில்லை. முடியாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். இரண்டில் ஒன்று முழுதாக ஜெயித்தால் மற்றது கெட்டுப்போகும்.

பெண்கள் படிக்கலாம், ஆனால் போதகராக முடியாது, அப்படித்தானே?

எந்தச் சபை என்பதைப் பொறுத்தது. வடக்குச் சபை 1930இல் பெண்களை மூப்பர்களாக ஏற்றது. 1956இல் பிரின்ஸ்டன் செமினரியில் படித்த மார்கரெட் டவ்னருக்கு அபிஷேகம் செய்தது. இன்று பி.சி.யு.எஸ்.ஏ.வில் பெண் போதகர் என்பது செய்தியே அல்ல. பி.சி.ஏ.வில் இன்றும் பெண்களுக்குப் போதகராகவோ மூப்பராகவோ அபிஷேகம் கிடையாது. மகளைச் சேர்க்குமுன் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூப்பர்களும் செமினரியில் படிக்க வேண்டுமா?

வேண்டாம். மூப்பரைச் சபை தேர்ந்தெடுக்கிறது. மூன்று ஆண்டுத் தவணை, தொடர்ந்து ஆறு ஆண்டுக்கு மேல் கூடாது. செஷனும் போதகரும் பயிற்சி தருவார்கள். ஆனால் மூப்பருக்கும் முழங்காற்படியிடவைத்துக் கைகளை வைத்து அபிஷேகம் உண்டு. பொருத்தனைக் கேள்விகளும் போதகருக்குக் கேட்கப்படுபவையே, ஓரிரண்டைத் தவிர.

போதகர் வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறு சபைகளுக்கு, தனிப் பயிற்சி பெற்ற மூப்பர் ஒருவரைப் பிரெஸ்பிட்டரி நியமித்துப் பிரசங்கமும் திருவிருந்தும் நடத்த அனுமதிக்கலாம். நம் ஊர் உபதேசியாரை நினைத்துக்கொள்ளலாம், அதிகாரம் சற்றுக் கூடுதல். கம்பர்லேண்டில் 1810இல் அடித்துக்கொண்ட விஷயத்துக்கு இப்படி ஒரு பின்வாசல் கிடைத்திருக்கிறது.

இந்தச் செமினரிகள் அடிமை வியாபாரப் பணத்தில் வளர்ந்தவை என்று படித்தேன். சரியா?

பிரின்ஸ்டன் செமினரி 2018இல் தன் வரலாற்றைத் தானே ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. தொடக்ககாலப் பேராசிரியர்கள் தங்கள் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் அடிமைகளின் உழைப்பைப் பயன்படுத்தினார்கள், அடிமை முறையில் சம்பாதித்த பணம் நன்கொடையாக வந்தது, விடுதலை பெற்ற கறுப்பர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் இயக்கத்தைப் பேராசிரியர்கள் ஆதரித்தார்கள் என்று அது ஒப்புக்கொண்டது. 2019இல் பரிகாரமாகச் சுமார் 2.76 கோடி டாலர் ஒதுக்கும் திட்டத்தை அறிவித்தது. அதே செமினரியில்தான் தியடோர் ரைட் 1828இல் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் இறையியல் செமினரியில் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர். விடுதலை பெற்ற மக்களிடையே போதகர்களை உருவாக்க வட கரோலினாவின் சார்லட் நகரில் 1867இல் தொடங்கியது இன்றைய ஜான்சன் சி. ஸ்மித் செமினரியின் முன்னோடி. செமினரியில் ஒழுக்கவியல் வகுப்பு நடத்தியவர்களே வீட்டில் அடிமை வைத்திருந்தார்கள் என்பதை வேட்பாளர்கள் படிக்க வேண்டும்; பலர் இப்போது படிக்கிறார்கள்.

செலவு எவ்வளவு ஆகும்? வீட்டை விற்க வேண்டுமா?

பழைய அறக்கட்டளைப் பணம் உள்ள செமினரிகள் கல்விக் கட்டணத்தின் பெரும்பகுதியையோ முழுவதையுமோ உதவித்தொகையாகத் தருகின்றன. உண்மையான செலவு வாடகை, மருத்துவக் காப்பீடு, மூன்று ஆண்டு வருமான இழப்பு. இளங்கலைக் கடனோடு வருகிறவர்களைக் குழு முதலிலேயே உட்காரவைத்துக் கணக்குக் கேட்கும். போதகரின் குறைந்தபட்சச் சம்பளத்தைப் பிரெஸ்பிட்டரி நிர்ணயிக்கிறது. பட்டினி கிடக்க மாட்டார், பணக்காரராகவும் மாட்டார்.

கொரியாவில் இவ்வளவு பெரிய சபைகள் எப்படி வந்தன? அங்கேயும் செமினரிதான் காரணமா?

ஒரே காரணம் அல்ல, ஆனால் பெரிய காரணம். அமெரிக்க மிஷனரி சாமுவேல் மாஃபெட் 1901இல் பியோங்யாங்கில் வகுப்புத் தொடங்கினார். மாணவர்களைச் சபையிலிருந்து பிடுங்கிக் கொண்டுபோகவில்லை. ஆண்டுக்குச் சில மாதம் படிப்பு, மீதி மாதங்கள் தங்கள் ஊர்ச் சபையில் ஊழியம். 1907இல் முதல் ஏழு பேர் தேறினார்கள். அதே ஆண்டு கொரியாவின் முதல் பிரெஸ்பிட்டரி கூடி அந்த ஏழு பேருக்கும் அபிஷேகம் செய்தது. ஆரம்பத்திலேயே பட்டமும் பிரெஸ்பிட்டரியும் உள்ளூர்க்காரர் கைக்கு வந்துவிட்டன. எழுப்புதல் பிரசங்கியார் கில் சன்-ஜு அந்த எழுவரில் ஒருவர். இன்னொருவரான யி கி-புங், முன்பு மாஃபெட்டைக் கல்லால் அடித்தவர் என்று கொரியச் சபைகளில் வழிவழியாகச் சொல்வார்கள். ஜெஜு தீவுக்கு மிஷனரியாகப் போனார்.

ஜப்பானிய ஆட்சி ஷிண்டோ ஆலய வணக்கத்தைக் கட்டாயப்படுத்தியபோது, 1938இல் அந்தச் செமினரி மூடப்பட்டது. போருக்குப் பின் சபைகள் பலமுறை பிளந்தன; ஒவ்வொரு பிளவும் தனக்கொரு செமினரியை வைத்துக்கொண்டது. சியோலில் ஜாங்சின், சோங்சின் என்று இரண்டு பெயர்கள் கேள்விப்படுவது அதனால்தான்.

நம் நாட்டில் பிரெஸ்பிட்டேரியன் செமினரி எதுவும் இல்லையா?

வடகிழக்கில் இருக்கிறது. மேகாலயாவின் காசி மலைக்கு 1841இல் வந்த வேல்ஸ் மிஷனரிகளின் வழியில் 1887இல் செராவில் (சிரபுஞ்சி) ஓர் இறையியல் கல்லூரியும், 1907இல் ஐஸ்வாலில் இன்னொன்றும் தோன்றின. இரண்டும் இன்றும் நடக்கின்றன.

தமிழ்நாட்டில் ஸ்காட்லாந்து மிஷன், ஆர்க்காடு மிஷன் வழிவந்த பிரெஸ்பிட்டேரியச் சபைகள் 1908இல் மதுரை, யாழ்ப்பாணம் முதலிய இடங்களின் கொங்கிரிகேஷனல் சபைகளோடு (ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் மரபு) சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. அதுவும் 1947 செப்டம்பர் 27 அன்று சி.எஸ்.ஐ.யில் கலந்தது. எனவே தனிச் செமினரி இல்லை. பெங்களூரில் 1910இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரியும், மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் பல மரபுகளுக்குப் பொதுவானவை.

யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினரியையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த மிஷனை கொங்கிரிகேஷனல் சபையாரும் பிரெஸ்பிட்டேரியரும் சேர்ந்து ஆதரித்தார்கள். சுதேச ஊழியர்களை உருவாக்க நினைத்தார்கள். ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் கற்ற பிள்ளைகள் அரசாங்க வேலைக்குப் போனார்கள். ஏமாற்றமடைந்த மிஷன் 1855இல் மூடிவிட்டது. ஈராண்டு கழித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். போதகர் கணக்கில் தோல்வி. ஏட்டிலிருந்த பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய தாமோதரம்பிள்ளை நமக்குக் கிடைத்தார். நான் குறைப்பட மாட்டேன்.

எங்கள் சி.எஸ்.ஐ. ஐயர் (போதகர்) அமெரிக்கா வந்தால் நேரடியாகப் பிரெஸ்பிட்டேரியன் சபையில் போதகராகலாமா?

நேரடியாக அல்ல. பிரெஸ்பிட்டரி அவருடைய படிப்பு, அபிஷேகம், நற்சான்று ஆகியவற்றைப் பார்த்து, சோதித்து முடிவெடுக்கும். புதிதாகக் குடியேறியவர்களின் சபைக்கு வருபவராக இருந்தால், அந்த ஊழியத்தின் தேவையை உத்தேசித்துப் படிப்பு நிபந்தனையைத் தளர்த்தவும் சட்டம் இடம் தருகிறது. விசா வேறு கதை. அதில் சபைக்கு அதிகாரம் இல்லை.

எல்லாத் தேர்விலும் தேறியாயிற்று, ஆனால் எந்தச் சபையும் கூப்பிடவில்லை என்றால்?

அபிஷேகம் இல்லை, அவ்வளவுதான். ‘அழைப்பைப் பெறத் தயார்’ என்று பிரெஸ்பிட்டரி சான்று தரும். அதோடு காத்திருக்க வேண்டும். எங்கள் முறையின் கடுமையான பகுதி இதுவே. சி.எஸ்.ஐ.யில் பேராயம் (பிஷப்பின் ஆளுகைக்குட்பட்ட வட்டாரம்) படிக்க அனுப்பினால் பேராயம் இடமும் தரும். இங்கே இடம் தருவது சபை மக்களின் ஓட்டு. உச்சரிப்பு வேறாக இருக்கும் குடியேறியவர்கள் அதிகம் காத்திருக்கிறார்கள் என்பதைக் குழுவில் இருந்து பார்த்திருக்கிறேன். அதை நியாயம் என்று சொல்ல மாட்டேன். மருத்துவமனை, சிறை, இராணுவம் ஆகியவற்றின் சாப்ளின் (அங்கேயே இருந்து ஊழியம் செய்பவர்) வேலையும் அழைப்பாக ஏற்கப்படுகிறது. அந்த வாசலையும் தட்டுங்கள்.

சபையே குறைந்துகொண்டு வருகிறதே, இத்தனை செமினரிகள் எதற்கு?

நியாயமான கேள்வி. 1983இல் 31 லட்சமாக இருந்த பி.சி.யு.எஸ்.ஏ. உறுப்பினர் எண்ணிக்கை 2023இல் சுமார் 11 லட்சம். சான்பிரான்சிஸ்கோ செமினரி 2019இல் ரெட்லாண்ட்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது. இணையவழி வகுப்புகள் பெருகியிருக்கின்றன. வேலையை விடாமல் படிக்க அது வசதி. கொரியாவின் முதல் எழுவர் படித்ததும் ஒருவகையில் இப்படித்தான். விடுதியில் இரவு பதினொரு மணிக்கு நடக்கும் வாக்குவாதம் மட்டும் திரையில் வராது. இன்னும் சில செமினரிகள் இணையும் என்றே எதிர்பார்க்கிறேன்.

ஒரு போதகர் தப்பு செய்தால் செமினரியில் புகார் செய்யலாமா?

செமினரியால் ஒன்றும் செய்ய முடியாது. புகாரைப் பிரெஸ்பிட்டரியிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். போதகரின் உறுப்பினர் பதிவே அங்கேதான் இருக்கிறது, சபையில் அல்ல. பிரெஸ்பிட்டரி விசாரணைக் குழு அமைக்கும். குற்றம் நிரூபணமானால் கண்டிப்பு, கண்காணிப்போடு கூடிய சீர்திருத்தம், தற்காலிக விலக்கம், பதவி நீக்கம் வரை போகலாம். குற்றவியல் சட்டத்துக்கு உட்பட்ட விஷயம் என்றால் முதலில் போலீஸுக்குப் போங்கள், பிரெஸ்பிட்டரிக்கு அடுத்தது. பதவி நீக்கப்பட்டவரிடம் எம்.டிவ். பட்டம் அப்படியே இருக்கும். அதைக் காட்டி அவர் வேறு ஊரில் போதகர் என்று சொல்லிக்கொண்டால், அந்த வட்டாரப் பிரெஸ்பிட்டரி அலுவலகத்துக்கு ஒரு போன் செய்து கேட்டுவிடலாம்.